மோப்ப நாய் மெயின் ரோட்டில் ஏன் நிற்கிறது? கடலூர் வாசகர்களுக்குப் பதில்கள்

மாவட்டப் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் ஹேண்ட்லராக, அதாவது நாயைப் பழக்கி நடத்தும் காவலராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாய்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஐயா, எங்கள் தெருவில் பூட்டை உடைத்துத் திருட்டு நடந்தது. மோப்ப நாய் மெயின் ரோடு வரை ஓடி நின்றுவிட்டது. "யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்று பேப்பரில் போட்டார்கள். அப்புறம் நாய் வந்து என்ன பயன்?

பேப்பரில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். கவ்விப் பிடிப்பது அந்த நாயின் வேலையே இல்லை. திருடன் போன வழியைக் காட்டத்தான் அது வருகிறது. ரோட்டோரம் நின்றுவிட்டது என்றால், பெரும்பாலும் அந்த இடத்தில் அவன் வண்டி ஏறியிருக்கிறான். நடந்து போகிறவனின் வாசனை மண்ணிலும் புல்லிலும் தங்கும், வண்டி ஏறியதும் அறுந்துவிடும். இனி எந்தக் கடை சிசிடிவியைப் பார்க்க வேண்டும், வண்டி பண்ருட்டிப் பக்கம் போனதா, கடலூர்ப் பக்கம் வந்ததா என்று விசாரணை அங்கிருந்துதான் நகரும். போகிற வழியில் வேலியோரம் வீசிய கையுறையோ காலி நகைப்பெட்டியோ நாயின் மூக்கில் பட்டால் அதுவும் பெரிய தடயம்.

உண்மையில் நாயைத் தோற்கடிப்பது நாம்தான். திருட்டு என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் உள்ளே போய்ப் பீரோவைத் தொட்டுப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவிவிடுவார். அதற்குப் பிறகு நாயைக் கூட்டிவந்து கண்டுபிடி என்றால் அது எந்த வாசனையைப் பிடிக்கும்? உள்ளே போகாதீர்கள். திருடன் விட்டுப்போன கடப்பாரை, துண்டு, செருப்பு எதையும் கையால் எடுக்காதீர்கள். போலீஸ் வரும் வரை தெருவில் நில்லுங்கள், அது போதும்.

வடலூரிலிருந்து: மிளகாய்ப்பொடி தூவிவிட்டால் நாயால் ஒன்றும் செய்ய முடியாதாமே?

கொஞ்ச நேரம் மூக்கு எரியும், அவ்வளவுதான். பொடி கிடப்பது தெரிந்தால் ஹேண்ட்லர் நாயை அதற்குள் விடவே மாட்டார். திருடன் தெருக்கோடி வரை தூவிக்கொண்டே போக முடியாது. கொல்லைப்புறம், மதில் தாண்டிக் குதித்த இடம் என்று பொடி இல்லாத இடத்திலிருந்து தொடங்குவோம்.

புதுச்சேரி சட்டக் கல்லூரி மாணவி: நாய் ஒருவரைக் காட்டினால் அது சாட்சியமா சார்?

நல்ல கேள்வி அம்மா. விசாரணைக்கு வழிகாட்டும், தண்டனை கொடுக்க அது மட்டும் போதாது. ஆந்திர வழக்கு ஒன்றில் 2001-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. நாய் செய்ததற்கு அர்த்தம் சொல்வது ஹேண்ட்லர், அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. இந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு மனிதனின் விடுதலை சம்பந்தப்பட்ட விஷயம் இது. நாய் காட்டிய இடத்தில் ரேகையும் பொருளும் தேடி எடுப்பது போலீசின் பொறுப்பு.

அதே மாணவி: நாய் "சொல்வது" ஹேண்ட்லருக்கு எப்படிப் புரிகிறது?

வாயைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டே வரும். தேடும் வாசனை கிடைத்ததும் சட்டென்று வாய் மூடும். இரைப்பு நிற்கும், தலை தாழும், மூக்கு படபடவென்று இழுக்கும், வாலின் ஆட்டம் மாறும். கையில் உள்ள கயிறு விறைக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும். இதைப் படிக்கத்தான் ஹேண்ட்லரும் நாயும் சேர்ந்தே பயிற்சிக்குப் போகிறார்கள். பயிற்சி ஆறு மாதம், தடம் பிடிக்கும் நாய்க்கு இன்னும் கூடுதல். வெடிகுண்டு நாய்க்குப் பழக்கம் வேறு. வாசனை கிடைத்தால் குரைக்காமல், பிறாண்டாமல் அப்படியே உட்கார வேண்டும். வெடிபொருளை நாய் தொட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். சிதம்பரம் தேரோட்டத்துக்கு முன்னாலோ திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனிலோ நாய் சோதனை நடந்தால் கவனியுங்கள்.

இன்னொன்று, இரைக்கிற நாயால் நன்றாக மோப்பம் பிடிக்க முடியாது. வாயால் மூச்சு விடும்போது மூக்குக்கு வேலை குறைந்துவிடும். அதனால் அக்னி நட்சத்திரத்தில் காலையிலேயே கூப்பிட்டால் நல்லது. காய்ந்து சூடேறிய தார் ரோட்டில் வாசனையும் சீக்கிரம் போய்விடும், நாயின் பாதமும் வெந்துவிடும். பண்ருட்டி முந்திரித் தோப்பில் நிழலும் சருகும் இருப்பதால் தடம் கொஞ்சம் அதிக நேரம் தாங்கும்.

முதுநகரிலிருந்து: கஞ்சா பிடிக்கும் நாய்க்குக் கஞ்சா பழக்கிவிடுவார்களா?

சத்தியமாக இல்லை. பயிற்சியில் அந்த வாசனையைக் கண்டுபிடித்தால் அதற்குப் பந்து கிடைக்கும். அது தேடுவது தன் பந்தைத்தான்.

விருத்தாசலத்திலிருந்து: அண்ணே, நானும் ஹேண்ட்லர் ஆக வேண்டும். என்ன செய்ய?

தம்பி, முதலில் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதிக் காவலர் ஆகுங்கள், அப்புறம் விருப்பம் தெரிவியுங்கள். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். தீபாவளியோ பொங்கலோ, நாய்க்குச் சாப்பாடு வைக்கவும் கொட்டடி கழுவவும் ஆள் இருந்தாக வேண்டும். இன்னொரு ஹேண்ட்லர் துணைக்கு இருந்தாலும் நாயின் மனசு உங்களிடம்தான் இருக்கும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: ஓய்வு பெற்ற நாயை வீட்டில் வளர்க்கலாமா?

எட்டுப் பத்து வயதில் ஓய்வு கொடுப்பார்கள். வளர்த்த ஹேண்ட்லருக்கே கொடுப்பதுதான் நாய்க்கு நல்லது என்பேன். யார் வாங்கினாலும் தினமும் காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். நம் பக்கம் உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம்கூட வரலாம். வயதான நாய் அதைத் தாங்காது. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.