டீப்சீக் விலைக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: சீனாவின் ஏஐ மாடலான டீப்சீக்கை 56 லட்சம் டாலரில் உருவாக்கிவிட்டார்களாமே, நிஜமா?

ப: பெருக்கல் சரிதான். டீப்சீக் நிறுவனத்தின் வி3 மாடலின் பயிற்சிக்கு 2,048 என்விடியா எச்800 சிப்புகளில் 27.88 லட்சம் ஜிபியு மணிநேரம் (ஒரு சிப் ஒரு மணி ஓடினால் ஒன்று) பிடித்தது. மணிக்கு 2 டாலர் வாடகை என்று வைத்தால் 55.76 லட்சம் டாலர். அதற்கு முந்தைய ஆராய்ச்சியும் சோதனை ஓட்டங்களும் இதில் சேராது என்று அவர்களுடைய அறிக்கையே சொல்கிறது. பந்திச் செலவை மட்டும் காட்டிக் கல்யாணச் செலவு என்பது மாதிரி.

கே: அப்படியானால் மலிவு என்பது பொய்யா?

ப: இல்லை, ஓட்டும் செலவு உண்மையிலேயே குறைவு. மாடலில் 67,100 கோடி பாராமீட்டர்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) இருந்தாலும் ஒரு டோக்கனுக்கு (சொல் அல்லது சொல்லின் துண்டு) வேலை செய்பவை 3,700 கோடிதான். முதல் மூன்றைத் தவிர ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள 256 'நிபுணர்' பிரிவுகளில் எட்டை மட்டும் தேர்ந்தெடுத்து எழுப்புகிறார்கள். பெரும்பாலான கணக்கு, எண்களைச் சுருக்கி, 8 பிட்டில் நடக்கிறது. உரையாடல் நினைவையும் சுருக்கி வைப்பதால் ஒரே சிப்பில் அதிகம் பேருக்குப் பதில் சொல்ல முடிகிறது.

கே: ஓபன்ஏஐ-யின் ஓ1-ஐ விட்டு, அதேபோல் யோசித்துப் பதில் சொல்லும் டீப்சீக்கின் ஆர்1-க்கு மாறினால் பில் எவ்வளவு குறையும்?

ப: 2025 ஜனவரியில் பத்து லட்சம் வெளியீட்டு டோக்கனுக்கு ஓ1 60 டாலர், ஆர்1 2.19 டாலர். ஆனால் 27 மடங்கு குறையும் என்று பட்ஜெட் போடாதீர்கள். பதிலுக்கு முன் மாடல் 'யோசிக்கும்' டோக்கன்களும் வெளியீட்டுக் கணக்கில்தான் ஏறும்; நான்கு வரிப் பதிலுக்குப் பின்னால் நான்கு பக்க யோசனை இருக்கலாம். தமிழ் உரை ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக உடையும், அதுவும் மாடலுக்கு மாடல் வேறுபடும். உங்கள் வேலையிலிருந்து 50 கேள்விகளை எடுத்து இரண்டிலும் ஓட்டுங்கள். பயன்பாட்டு அறிக்கையில் வரும் உள்ளீட்டு, வெளியீட்டு டோக்கன்களைத் தனித்தனியே அதனதன் விலையால் பெருக்கிக் கூட்டி ஒப்பிடுங்கள். விலைப் பட்டியலும் அடிக்கடி மாறும், அன்றைய விலையையே எடுங்கள்.

கே: லேப்டாப்பில் ஆர்1 7பி போட்டேன், சுமாராகத்தான் இருக்கிறது.

ப: அது ஆர்1 அல்ல. ஆர்1 எழுதிய விடைகளைக் கொண்டு பயிற்றப்பட்ட, அலிபாபாவின் குவென் என்ற சிறிய மாடல்; 7பி என்றால் 700 கோடி பாராமீட்டர். எண்களை 4 பிட்டாகச் சுருக்கினால் அது சுமார் 5 ஜிபி. முழு ஆர்1-க்கு 8 பிட்டிலேயே 670 ஜிபிக்கு மேல் நினைவகம் வேண்டும்.

கே: நம் தரவு சீனாவுக்குப் போகுமா?

ப: அவர்களுடைய செயலியையோ ஏபிஐ-யையோ (உங்கள் மென்பொருளிலிருந்து மாடலை அழைக்கும் இணைப்பு) பயன்படுத்தினால் போகும். இத்தாலி 2025 ஜனவரியில் தடுத்தது அந்தச் சேவையைத்தான். ஆர்1 மாடல் கோப்புகள், யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கின்றன. சொந்த சர்வரில் ஓட்டினால் தரவு வெளியே போகாது. மைக்ரோசாஃப்டே ஆர்1-ஐத் தன் அஷூர் மேகத்தில் ஏற்றியது.

கே: அமெரிக்க நிறுவனங்கள் விலையைக் குறைத்தனவா?

ப: ஆர்1 வந்த பதினோராம் நாள், 2025 ஜனவரி 31 அன்று, ஓபன்ஏஐ ஓ1-ஐவிட மலிவான ஓ3-மினியை வெளியிட்டது: அப்போது பத்து லட்சம் வெளியீட்டு டோக்கனுக்கு 4.40 டாலர்.