கடிதம்: தீயணைப்பு நிலையத்தில் எதற்கு இத்தனை காதல்?

வணக்கம்.

தோழி ஒருத்தி சொல்லி ‘சிகாகோ ஃபயர்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு சீசன் முடிந்தது. மூன்றாவதைத் தொடங்கலாமா, விட்டுவிடலாமா என்று யோசனையாக இருக்கிறது. தீயணைப்பு வீரர்களின் கதை என்று நம்பி உட்கார்ந்தால், முக்கால்வாசி நேரம் யார் யாரைக் காதலிக்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் பார் திறக்கப் போகிறார்கள் என்றே போகிறது. தீ வருவது சில நிமிடம்தான். உயிரைப் பணயம் வைக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு குடும்ப சீரியல் பண்ணிவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது. வேலையை மட்டும் காட்டினால் போதாதா?

இன்னொன்று. என்னோடு சேர்ந்து பார்க்கும் என் மகளுக்குப் பதினேழு வயது. தீயணைப்புத் துறையில்தான் சேருவேன் என்கிறாள். டிவி பார்த்து எடுக்கிற முடிவா இது என்று அவளோடு தினமும் வாக்குவாதம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

மூன்றாவது சீசனைத் தாராளமாகத் தொடங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் காதலும் சண்டையும் அந்த வேலையை மறைக்க வந்தவை என்று நான் நினைக்கவில்லை. சிகாகோவில் தீயணைப்பு வீரர்களுக்கு 24 மணி நேர ஷிஃப்ட். அதன்பின் 48 மணி நேரம் ஓய்வு. ஒரு முழு நாளை ஒரே கூரையின் கீழ் கழிக்கிறார்கள். அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டு, அடுத்தடுத்த கட்டில்களில் படுத்து, மணி அடித்ததும் ஒன்றாக எழுந்து ஓடுகிறார்கள். நாம் ஆபீசில் ஒருவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டால் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே அது முடியாது. பேசாத ஆளோடுதான் ராத்திரி இரண்டு மணிக்குப் புகைக்குள் நுழைய வேண்டும்.

தொடரின் முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். 2012 அக்டோபரில் ஒளிபரப்பானது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டார்டன் என்ற வீரர் தீயில் இறந்துபோகிறார். பிறகு கதை சில வாரங்கள் தாண்டி நகர்கிறது. ஏணி வண்டிக்குப் பொறுப்பான கேசியும் மீட்புக் குழுவுக்குப் பொறுப்பான செவரைடும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அந்தச் சாவுக்கு நீதான் காரணம் என்று இருவருக்குள்ளும் புகைந்துகொண்டிருக்கிறது. இதை மனஸ்தாபம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியுமா? இருவரும் ஒரே கட்டடத்துக்குள் போகிறவர்கள். ஒருவர் உத்தரவை மற்றவர் நம்பியாக வேண்டும். இரண்டாவது சீசனில் டார்டனின் மனைவி குடித்துவிட்டு வண்டி ஓட்டி, விபத்தாகி, சிறைக்குப் போகிறாள். இரண்டு பையன்களும் கேசியின் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் எரிந்த தீ ஒரு வருடம் கழித்துக் கேசியின் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதெல்லாம் ‘பர்சனல்’ கதை என்று நீங்கள் ஒதுக்கிய பகுதியில்தான் இருக்கிறது.

பார் விஷயமும் அப்படித்தான். அதே நிலையத்து வீரர் ஹெர்மன், வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, மனைவி மக்களோடு மாமனார் வீட்டில் போய்த் தங்குகிறவர். அவரும் கூட வேலை பார்க்கும் ஓட்டிஸும் டாசனும் சேர்ந்து மோலிஸ் பாரை எடுப்பதும், கேசி லீவு நாளில் கட்டட வேலை பார்ப்பதும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடம் சகஜமாகக் காணப்படும் பழக்கம். ஷிஃப்டுக்கு இடையே இரண்டு நாள் கிடைப்பதால் பலர் இன்னொரு தொழிலும் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நிலையத்தின் வெளிப்புறமாக நாம் பார்ப்பது செட் இல்லை, சிகாகோவில் இயங்கிவரும் எஞ்சின் 18 நிலையம். தொடரில் டோனி என்ற வீரராக வருகிறவர் நிஜத் தீயணைப்பு வீரர். அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும்போது கை எங்கே போகிறது என்று பாருங்கள், நடிகர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியும்.

எனக்கு இந்தத் தொடரின் மேல் குறை உண்டு. அது நீங்கள் சொல்கிற இடத்தில் இல்லை, தீக்குள் இருக்கிறது.

நிஜமான தீயில் தீயே சரியாகத் தெரியாது. சோபா, மெத்தை, பிளாஸ்டிக் எல்லாம் எரியும் வீட்டுக்குள் புகை கூரையிலிருந்து கீழே இறங்கி அடைத்துக்கொள்ளும். கையை முகத்துக்கு நேரே நீட்டினால் விரல் தெரியாது. முழங்காலிட்டு, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே போவார்கள். சுவரை விட்டால் திசை போச்சு. முதுகில் இருக்கும் சிலிண்டரில் அரை மணி நேரக் காற்று என்று எழுதியிருந்தாலும், பாரம் தூக்கி மூச்சு வாங்கும்போது இருபது நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். உடையில் ஒரு சின்னக் கருவி உண்டு. ஆள் அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் அது அலற ஆரம்பிக்கும். கண்ணால் தேட முடியாத இடத்தில், விழுந்து கிடப்பவரை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

தொடரில் அறை பளிச்சென்று இருக்கிறது. சுவரோரமாக ஆரஞ்சு நிறத்தில் தழல் ஆடுகிறது. அது குழாயில் வரும் எரிவாயுத் தீ, திருகினால் அடங்கிவிடும். பல காட்சிகளில் முகமூடியைக் கழற்றிவிட்டே பேசுகிறார்கள். நடிகரின் முகம் தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு யார் யார் என்று புரியாது, அது சரிதான். ஆனால் புகை போனதும் வேலையின் பாதி பயம் போய்விடுகிறது. பார்க்க முடியாத இடத்துக்குள் போவது என்ற அடிப்படை விஷயமே நமக்கு வந்து சேருவதில்லை.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. உத்தரவை மீறி உள்ளே ஓடுகிறவர் பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறார். தலைவர் போடன் வெளியே வரச் சொல்வார், செவரைடு இன்னும் ஒரு நிமிடம் என்பார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் அந்த ஒரு நிமிடம் என்ன செய்யும் என்பதற்கு 1999 டிசம்பர் 3-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் நடந்தது ஒன்று போதும்.

கைவிடப்பட்ட பழைய குளிர்பதனக் கிடங்கு. ஜன்னல் அநேகமாகக் கிடையாது. சுவருக்குள் சுவராகக் குளிர் காக்கும் பொருள் அடைத்துக் கட்டியது. வீடில்லாத இருவர் உள்ளே தங்கியிருப்பதாகத் தகவல் வந்ததால் தேடப் போனார்கள். உள்ளே போன வீரர்களில் இருவருக்குத் திரும்ப வழி தெரியவில்லை. காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல அவர்களாலேயே முடியவில்லை. அவர்களைத் தேடிப் போனவர்களில் நான்கு பேர் திரும்பவில்லை. மொத்தம் ஆறு பேர். வெளியே நின்ற மற்றவர்கள் அப்போதும் உள்ளே போகத் துடித்தார்கள். பொறுப்பில் இருந்த தலைவர் வாசலில் நின்று, இனி யாரும் போகக்கூடாது என்று தடுத்தார். தன் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தே தடுத்தார். வீடில்லாத அந்த இருவரும் முன்பே வெளியேறியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன், ஆர். அந்த நால்வரும் உள்ளே போனது கடமைக்காக மட்டுமா? உள்ளே இருந்தவர்கள் கூடச் சாப்பிட்டவர்கள், பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள், பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர்கள். அந்தப் பாசம்தான் அவர்களை உள்ளே இழுக்கும். அதே பாசத்தை எதிர்த்துத்தான் ஒரு தலைவர் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. தீயணைப்பு நிலையத்துச் சொந்த வாழ்க்கையைக் காட்டாமல் இந்த வாசலின் கனத்தை எப்படிக் காட்டுவது? ஆகவே தொடரில் காதலும் நட்பும் கூடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு அருமையாகக் கட்டிய பாசத்துக்குத் தீயின் முன்னால் உரிய விலையை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பேன். போடன் ஒருமுறையாவது வூஸ்டர் தலைவரைப் போல, எந்த அதிசயமும் வந்து காப்பாற்றாமல் வாசலில் நின்றிருந்தால் இந்தத் தொடர் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

வூஸ்டரில் வழிதவறிய இருவரில் ஒருவர், நடிகர் டெனிஸ் லியரியின் உறவினர். லியரி அடுத்த வருடமே தீயணைப்பு வீரர்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2004-இல் ‘ரெஸ்க்யூ மீ’ தொடரை இன்னொருவரோடு சேர்ந்து உருவாக்கி, அவரே நாயகனாகவும் நடித்தார். 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அதில் தப்பிப் பிழைத்த ஒருவனின் கதை அது. இறந்துபோன உறவினன் ஆவியாக வந்து அவனோடு பேசிக்கொண்டே இருக்கிறான். குடி, கோபம், உடைந்த குடும்பம் என்று பார்க்கவே கஷ்டமாக இருக்கும். நீங்கள் குடும்ப சீரியல் என்று குறைப்பட்ட அதே பொருள்தான் அங்கேயும், ஆனால் அங்கே யாருக்கும் சலுகை கிடையாது. மகளோடு பார்க்காதீர்கள், பேச்சும் காட்சியும் பச்சையாக இருக்கும். தனியாகப் பாருங்கள்.

இப்போது மூன்றாவது சீசன். இரண்டாவது முடிவில் கட்டடம் வெடிப்பதோடு நிறுத்தியிருப்பார்கள், அடுத்து நடப்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் பெயர் சொல்லாமல் விடுகிறேன். ஒருவர் போய்விடுகிறார். அந்தக் கணத்துக்குச் சற்று முன் இரண்டு பேர் இடம் மாறி நின்றிருப்பார்கள். மாறியதால் பிழைத்தவர் அதை எப்படிச் சுமக்கிறார் என்பதுதான் அந்தச் சீசனின் முதல் சில அத்தியாயங்கள். ஆம்புலன்ஸில் காலியான இருக்கைக்குப் புதிதாக ஒரு பெண் வருகிறாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அவளை ஏறிட்டுப் பார்க்கவே எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. அதுவரை போட்ட காதல், நட்பு, வாடகை வீட்டுக் கூத்து எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு நேராகிறது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். டிவி பார்த்து முடிவெடுப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். 1972 முதல் 1977 வரை ‘எமர்ஜென்சி!’ என்று ஒரு தொடர் வந்தது, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டித் தீயணைப்புத் துறையின் பாராமெடிக்குகள், அதாவது சம்பவ இடத்திலேயே அவசரச் சிகிச்சை தருகிறவர்கள், இருவரைப் பற்றி. அது தொடங்கியபோது அமெரிக்காவில் அப்படிப்பட்ட குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் ஊரில் ஏன் இது இல்லை என்று மக்கள் கேட்க அந்தத் தொடர் ஒரு காரணமானது. அதைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ பேர் அதே வேலைக்குப் போனார்கள்.

ஆனால் அவளிடம் தொடர் சொல்லாததையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் தீ என்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கை நெருங்குவது மருத்துவ உதவி. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படியில் விழுந்த முதியவர், இவைதான் தினசரி. அங்கே பணியில் இறக்கும் வீரர்களில் மிக அதிகம் பேர் மாரடைப்பில் போகிறார்கள், இடிபாட்டிலோ வெடிப்பிலோ இல்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியில் உடம்பில் சேரும் நச்சுகளைப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான முதல் பிரிவில் வைத்தது. தீயில் நின்றுவிட்டு வந்த உடையை உடனே கழற்றித் துவைப்பதும், கரி படிந்த கழுத்தையும் கைகளையும் அங்கேயே துடைப்பதும் இப்போது அந்த வேலையின் பாடங்கள். முன்பெல்லாம் கரி பிடித்த தொப்பி பெருமையாக இருந்தது. இந்த மெதுவான சாவைத் தொடர் எங்காவது தொட்டுவிட்டு நகர்ந்துவிடும், ஒரு மணி நேரக் கதைக்கு அது தோதுப்படாது.

பெண் என்பதால் தயங்குகிறீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. நீங்கள் அப்படி எழுதவில்லை, நானாக நினைத்தால் மன்னியுங்கள். அமெரிக்காவிலேயே முழுநேர வீரர்களில் பெண்கள் இருபதில் ஒருவர் அளவுதான். பின்னால் வரும் சீசன்களில் ஸ்டெல்லா கிட் என்ற பாத்திரம் பதின்வயதுப் பெண்களைச் சேர்த்து இந்த வேலைக்குப் பயிற்சி கொடுக்கும். அந்தப் பகுதிகளை அவளோடு சேர்ந்து பாருங்கள். அங்கே தேர்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பாரம் ஒன்றுதான், படிக்கட்டு ஒன்றுதான் என்பதை அவளும் பார்க்கட்டும்.

வாக்குவாதத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு முறையான முதலுதவிப் பயிற்சி ஒன்றில் அவளைச் சேருங்கள். ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்கு என்ன ஆகிறது, நெஞ்சை அழுத்தி உயிரூட்டும்போது கை எவ்வளவு நேரம் தாங்குகிறது, இதெல்லாம் சீக்கிரமே அவளுக்குத் தெரிந்துவிடும். முடிந்தால் நீங்களும் கூடவே சேருங்கள். அதற்கப்புறமும் போவேன் என்றாள் என்றால், தேர்வு விதிகளைத் தேடி எடுத்து அவளோடு உட்கார்ந்து படியுங்கள்.

அன்புடன்.