முதல் படக்கதை: பதிப்பகமா, சொந்த அச்சா?

கேள்வி: குழந்தைகளுக்கான படக்கதை ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். பதிப்பகத்துக்கு அனுப்புவதா, நானே அச்சிடுவதா? அதற்கு முன் ஓவியரிடம் படங்களை வாங்கிவிடலாமா?

பதில்: ஓவியருக்கு இப்போதே பணம் கொடுக்காதீர்கள். பதிப்பகங்கள் பெரும்பாலும் கதையை மட்டும் படித்து முடிவெடுக்கும்; ஓவியரை அவர்களே அமர்த்துவார்கள். படம் பிடிக்காததாலேயே கதையும் திரும்பி வரலாம். (நீங்களே வரைபவர் என்றால் நிலைமை வேறு.) பதிப்பகத்தில் செலவு அவர்களுடையது, உங்களுக்கு ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு; பதில் வரவே மாதங்கள் ஆகும். உங்களிடம் பணம் கேட்பவர் அச்சுச் சேவை விற்பவர், அப்படியே எடைபோடுங்கள்.

சொந்தமாக என்றால் முதலில் பக்கக் கணக்கு. படக்கதைக்கு 32 பக்கம் வழக்கம். தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக மிச்சம்தான் கதைக்கு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும், இல்லையேல் வெற்றுப் பக்கம் விழும். புத்தக அளவை முடிவுசெய்த பிறகே வரையச் சொல்லுங்கள். சதுரப் படத்தை நீளப் புத்தகத்தில் திணிக்கும்போதுதான் தலைகள் வெட்டுப்படுகின்றன. ஓரம்வரை வரும் படத்துக்கு வெட்டும் பக்கங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதலும், அச்சு அளவில் 300 டிபிஐயும் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். மாதிரிப் பிரதி பார்க்காமல் மொத்தமாக அடிக்காதீர்கள்.

வாங்குவோர் எத்தனை பேர் என்று தெரியாதவரை, ஆர்டர் வர வர, தேவைக்கேற்ப அச்சிடும் முறையே நல்லது. பிரதிக்கு அடக்கவிலை கூடும்; ஆனால் கட்டுகள் வீட்டில் தேங்காது. ஓவியரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: மறுபதிப்பு, மின்னூல், மொழிபெயர்ப்பில் அந்தப் படங்களைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பது அதில் இருக்கட்டும்.