அப்பாவிடம் மறைக்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. நுரையீரலில் கேன்சர், பரவிவிட்டது. டாக்டர் எங்களிடம் மட்டும்தான் சொன்னார். அப்பாவிடம் 'நெஞ்சுல சளி கட்டியிருக்கு' என்று சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் அவராகவே, "வக்கீலை ஒரு தடவை வரச் சொல்லும்மா, நிலத்தை எழுதி வச்சிடறேன்" என்றார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று அம்மா அடக்கிவிட்டார். விஷயம் தெரிந்தால் மனசு விட்டுப்போய்ச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுவார் என்கிறார்கள் சித்தப்பாக்கள். சொல்வதா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: சொல்லுங்கள். அதற்கு முன் அவரையே கேளுங்கள். "டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியணுமாப்பா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் முடிவு. இப்போது அந்த முடிவை அவரைத் தவிர வீட்டில் எல்லோரும் எடுத்திருக்கிறீர்கள்.

நெஞ்சுச் சளிக்கு யாராவது வக்கீலைக் கூப்பிடுவார்களா? அவருக்குத் தெரியும். தான் கூடத்துக்குள் வந்ததும் பேச்சு நின்றுபோவது தெரியும். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருகிற சொந்தக்காரர்கள், "ஒண்ணுமில்ல, பத்து நாள்ல எழுந்து நடமாடுவீங்க" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்வதும் தெரியும். இத்தனையும் தெரிந்துகொண்டு, உங்களுக்காக அவரும் தெரியாதவர் மாதிரி இருக்கிறார். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் அவர் பயத்தோடு அவரைத் தனியே விட்டிருக்கிறீர்கள். கடுமையாகத்தான் எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் காலம் குறைவு.

சித்தப்பாக்களின் அச்சத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. பரவிவிட்ட நுரையீரல் கேன்சர் நோயாளிகள் 151 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு நோய் ஆதரவு சிகிச்சையும் ஆரம்பத்திலிருந்தே தரப்பட்டது. வலியையும் மனச்சோர்வையும் கவனிப்பதோடு, நோய் எந்த நிலையில் இருக்கிறது, இனி உங்களுக்கு என்ன வேண்டும் என்று நோயாளியிடமே பேசுவதும் அதில் அடக்கம். அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் உடம்பை வதைக்கும் தீவிர சிகிச்சைகளையும் அவர்களில் குறைவானவர்களே எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் அவர்களின் வாழ்நாள், இடைநிலை அளவில் (அதாவது பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்தார்கள் என்ற கணக்கில்), 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். பேசியதால்தான் ஆயுள் கூடியது என்று நான் சொல்லவில்லை. பேசினால் ஆள் போய்விடுவார் என்பதற்கு இதில் துளியும் ஆதாரம் இல்லை என்கிறேன்.

சாவை ஏற்றுக்கொள்வதென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூலையில் உட்காருவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் பார்த்தவரையில், நாள் கணக்காகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்தான் அந்த நாட்களுக்கு எஜமானாக இருக்கிறார். அடுத்த கீமோவா, ஊர்க்கோயில் கும்பாபிஷேகமா? வரப்புத் தகராறில் பேச்சு விட்டுப்போன தம்பியைக் கூப்பிடலாமா? கடைசியில் ஐ.சி.யு.வில் குழாய்களோடு கிடப்பதா, சொந்த வீட்டுத் திண்ணையா? பத்து நாளில் சரியாகிவிடும் என்று நம்பவைக்கப்பட்டவர் இதில் ஒன்றையும் யோசிக்கமாட்டார், தள்ளிப்போடுவார். கூட இருப்பவர்களும் தள்ளிப்போடுவார்கள். பிறகு, "ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரே" என்று அழுவோம். பேசவிடாமல் தடுத்தது யார்?

இனி ஆகவேண்டிய காரியங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் பின்னால் வம்பு குறையும். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டாம் என்பது போன்ற விருப்பங்களை 'லிவிங் வில்' ஆகவும் எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இதை அனுமதித்தது. மாஜிஸ்திரேட் முன் போக வேண்டும் என்ற நிபந்தனையை 2023 ஜனவரியில் தளர்த்திவிட்டது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். வலிக்கும் மூச்சிரைப்புக்கும், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சேவை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே கேளுங்கள்.

ஆனால் அப்பாவிடம் போகுமுன் அம்மாவிடம் பேசுங்கள். வெள்ளிக்கிழமை என்று அப்பாவின் வாயை அடைத்தது சகுனத்துக்காக மட்டும் இருக்காது. அப்பா இல்லாமல் எப்படி இருக்கப்போகிறோம் என்ற பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறார். அதை அவர் சொல்லட்டும், அழட்டும். வக்கீல் வருகிற அன்று அம்மாவும் கூடவே உட்காரட்டும். நிலம் யாருக்கு என்பதோடு, அம்மா கடைசிவரை எந்த வீட்டில், எந்த வருமானத்தில் இருப்பார் என்பதையும் அப்பாவே சொல்லி எழுத வையுங்கள்.