காட்டில் பொறி வைக்கும் முன், வைத்தது யார் என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டம் நடத்துகிறேன். எல்லோரும் மூன்றாம் லெவல். கோப்ளின் என்னும் குட்டி அரக்கர் கூட்டம் ஒரு ஆளைக் கடத்திக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது, அவரை மீட்க வேண்டும். வழியில் மூன்று படுகுழிகள், ஒரு வலை, முள் பதித்த ஒரு மரக்கட்டை என்று வைத்தேன். ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) ஆடுபவர் பத்தடிக்கு ஒருமுறை "தேடுகிறேன்" என்று பகடையை உருட்டுகிறார். பொறி தெரிந்துவிட்டால் சுற்றிப் போகிறார்கள். தெரியாவிட்டால் அடி வாங்கிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். காட்டுப் பொறிகளை எப்படிச் சுவாரஸ்யமாக அமைப்பது?

பதில்: நீங்கள் வைத்திருப்பவை எல்லாம் நிலவறைக்கான பொறிகள். நிலவறையில் இரண்டு பக்கமும் சுவர், போக ஒரே வழி, பொறிக்குப் பின்னால் ஒரு புதையல். காட்டில் சுவரே கிடையாது. எந்தப் பக்கமும் நடக்கலாம் என்னும்போது, சரியாக உங்கள் ஆட்கள் கால் வைக்கும் இடத்தில் ஒரு குழி இருந்தால், அதைத் தோண்டியது கோப்ளின் இல்லை, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்தான் என்று மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பத்தடிக்கு ஒருமுறை தேடுவது அதனால்தான். அவர்கள் காட்டை நம்பவில்லை.

ஆகவே பொறியின் எண்களுக்குப் போகும் முன் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். இதை யார் வைத்தது, எந்த விலங்குக்கு அல்லது எந்த ஆளுக்கு வைத்தது, வைத்தவர் எப்போது வந்து பார்ப்பார். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் இடம் தானாக அமையும். பன்றிக்கு என்றால் பன்றி போய்வரும் ஒற்றையடித் தடம், ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கும் சரிவு, கிழங்கு தோண்டிய மண். மனிதர்களுக்கு என்றால் ஆழம் குறைந்து ஆற்றைக் கடக்கும் துறை, இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு, விழுந்து கிடக்கும் மரம் பாலமாக இருக்கும் இடம். காடு எங்கெல்லாம் தானாகக் குறுகுகிறதோ, பொறி அங்கேதான் இருக்கும். ஆட்டக்காரர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் பத்தடிக்கு ஒருமுறை உருட்ட வேண்டிய தேவை இருக்காது. துறை வரும்போது மட்டும் அவர்களாகவே நின்று யோசிப்பார்கள்.

நம் சங்கப் பாட்டு ஒன்றில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நற்றிணை 119-இல், தினையைத் தின்ன வரும் பன்றிக்காகப் புனத்துக்காரன் அடார் வைக்கிறான். பெரிய கல்லைச் சாய்த்து நிறுத்தி, சின்னப் பொறி ஒன்றால் தாங்க வைக்கும் அமைப்பு அது. ஆனால் அதில் போய் மாட்டுவது புலி. காட்டுப் பொறியில் இருக்கும் சுவாரஸ்யமே இதுதான்: யாருக்கோ வைத்ததில் வேறு யாரோ மாட்டுகிறார்கள். உங்கள் வீரர்களும் பெரும்பாலும் அந்த "வேறு யாரோ"வாக இருக்கட்டும்.

உங்கள் கதைக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். கோப்ளின்கள் பன்றிக்கறிக்காக ஓடைக்கரையில் ஓர் அடார் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் வருவதற்கு முன்பே அது விழுந்துவிட்டது. கல்லுக்கு அடியில் பின்னங்கால் மாட்டி ஓர் அவுல்பேர் (பாதி ஆந்தை, பாதி கரடி) குட்டி, உயிரோடு. முதலில் சத்தத்தைச் சொல்லுங்கள்: மரங்களுக்கு அப்பால் ஏதோ கீச்சிடுகிறது, நிற்கிறது, மறுபடி கீச்சிடுகிறது. கிட்டே போனால் ஊசிப்போன கறி நாற்றம், அது இரை. இன்னும் கிட்டே போனால் குட்டி சுற்றிச் சுற்றிப் பிறாண்டிய ஈர மண், அதில் பெரிய விலங்கு ஒன்றின் காலடித் தடங்கள். தாய் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. எங்கே போனது என்று தெரியாது.

இங்கே பொறி இனி யாரையும் அடிக்கப்போவதில்லை, ஆனாலும் மேஜையில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கல் 700 பவுண்டு என்று வையுங்கள். விதிப்படி ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 16 உள்ள ஃபைட்டர் (போர்வீரர்) 480 பவுண்டு வரைதான் தூக்க முடியும், ஆகவே தனியாக முடியாது. இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், அல்லது நல்ல கழியை நெம்புகோலாக வெட்ட வேண்டும். அதுவரை குட்டியை யார் அமைதிப்படுத்துவது? தாய் வந்தால் யார் பார்ப்பது? விட்டுவிட்டுப் போவதா, காப்பாற்றுவதா? கோப்ளின்கள் இரையைப் பார்க்க மாலையில் வருவார்கள் என்று ரேஞ்சர் (காட்டு வழி தெரிந்த பாத்திரம்) தடம் பார்த்துச் சொன்னால், ஒளிந்திருந்து பின்தொடர்வது மூன்றாவது வழி. கடத்தப்பட்டவரைத் தேடிப்போகும் கதைக்கு இதைவிட நல்ல தடயம் எது? மூன்று படுகுழிகளை எடுத்துவிட்டு இந்த ஒன்றை வையுங்கள் என்பது என் முதல் சிபாரிசு. விலங்குகள் வதைபடும் காட்சி யாருக்காவது ஒத்துவராது என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்குக் காயம் இல்லை, மாட்டிக்கொண்டது மட்டும்தான் என்று மாற்றினாலும் காட்சி நிற்கும்.

அடுத்தது தடயம். பொறி இருப்பதைப் பகடையின் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ஏதாவது ஓர் அடையாளத்தைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். பகடை அதைப் புரிந்துகொள்வதற்கும் கையாள்வதற்கும் இருக்கட்டும். அடையாளங்களுக்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் பொறி வைப்பது உடம்பு வலிக்கும் வேலை, அது தடம் விடாமல் நடக்காது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி ஆழம் என்று ஒரு படுகுழியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கன அடி மண், கிட்டத்தட்ட 28 கன மீட்டர். எடையில் நாற்பது டன்னாவது வரும். அந்த மண் எங்கே? பக்கத்தில் குவித்திருந்தால் மேடு தெரியும், ஓடையில் கொட்டியிருந்தால் ஓடை கலங்கியிருக்கும், சுமந்து போயிருந்தால் தடம் பதிந்திருக்கும். குழியை மூடிய தழை இரண்டு நாளில் வாடிப் பழுப்பாகிவிடும், சுற்றிலும் பச்சையாக இருக்கும். மழைக்காலம் என்றால் குழியில் பாதி தண்ணீர்.

வளைத்துக் கட்டிய இளமரத்தில் தொங்கும் சுருக்குக் கண்ணி இன்னும் நல்ல தகவல் தரும். பச்சை மரத்தை வளைத்தே வைத்திருந்தால் அது நாளடைவில் அந்த வளைவுக்கே பழகி, விசை போய்விடும். ஆகவே வெடுக்கென்று மேலே இழுக்கும் கண்ணி ஒன்று இருந்தால், அதைக் கட்டியவர் சமீபத்தில் வந்திருக்கிறார், அநேகமாக மறுபடியும் வருவார். சர்வைவல் (காட்டறிவு) சோதனையில் நன்றாக உருட்டியவருக்கு "இங்கே கண்ணி இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கோப்ளின்களும் அதே காட்டில்தான் நடக்கிறார்கள். தங்கள் ஆட்களே விழாமல் இருக்கப் பொறிக்கு முன்னால் ஏதாவது குறி வைத்திருப்பார்கள்: மரப்பட்டையில் முழங்கால் உயரத்தில் இரண்டு வெட்டு, கிளையில் முடிச்சிட்ட புல். முதல் பொறியின் அருகில் இந்தக் குறியைக் காட்டிவிடுங்கள், அதன் அர்த்தத்தைச் சொல்லாதீர்கள். இரண்டாவது இடத்தில் யாராவது ஒருவர் "இதே வெட்டை அங்கேயும் பார்த்தோமே" என்பார். அந்த நிமிடத்துக்காகவே இதை வைக்கலாம்.

"தேடுகிறேன்" பிரச்சினைக்கு விதியிலேயே மருந்து இருக்கிறது. நடக்கும்போது, பகடை உருட்டாமலே கண்ணில் படுவதைக் காட்டும் பாசிவ் பெர்செப்ஷனைப் பயன்படுத்துங்கள்: பத்துடன் பெர்செப்ஷன் போனஸைக் கூட்டினால் வருவது. பிறகு வேகத்தைக் கேளுங்கள். 2014 விதிநூலின்படி சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல், வேக நடையில் 30 மைல், ஆனால் பாசிவ் பெர்செப்ஷனில் ஐந்து குறையும். மெதுவாகப் போனால் 18 மைல்தான், ஆனால் ஒளிந்து நடக்கலாம். அடர்ந்த காட்டைக் கடினத் தரையாக எடுத்துக்கொண்டால் இவை எல்லாம் பாதியாகும். கடத்தப்பட்டவருக்கு ஒரு கெடு வையுங்கள், மூன்றாம் நாள் இரவு என்று. இப்போது வேகமா, எச்சரிக்கையா என்பது அவர்களே எடுக்கும் முடிவு. வேக நடையில் போய்க் கண்ணியில் மாட்டினால் உங்கள் மேல் கோபம் வராது.

அதோடு, வழி பார்ப்பவர், தடம் தேடுபவர், கிழங்கு பொறுக்குபவர் இவர்களின் பாசிவ் பெர்செப்ஷன் ஆபத்தைக் கவனிப்பதில் சேராது. பழக்கப்பட்ட நிலத்தில் ரேஞ்சருக்கு மட்டும் விலக்கு உண்டு. பலரும் மறப்பது வெளிச்சம்: டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) இருந்தாலும் முழு இருட்டு மங்கலாகத்தான் தெரியும், மங்கலில் கண்ணால் பார்ப்பதற்கு டிஸட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), பாசிவில் அது ஐந்து குறைவு. பந்தம் கொளுத்தினால் பொறி தெரியும், ஆனால் கோப்ளினுக்கு அவர்களும் தெரிவார்கள்.

அடியின் அளவு பற்றிச் சுருக்கமாக. அதே பதிப்பின் கேம் மாஸ்டர் வழிகாட்டியில் முதல் நான்கு லெவலுக்கு லேசான பொறி 1டி10 (பத்துமுகப் பகடை ஒன்று), ஆபத்தானது 2டி10, உயிருக்கு உலை வைப்பது 4டி10. கடைசியின் சராசரி 22. கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்கும் திறன்) 14 உள்ள மூன்றாம் லெவல் விஸார்டிடம் (மந்திரவாதியிடம்) வழக்கமாக இருப்பது 20 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). எச்சரிக்கையே இல்லாமல் அதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்தடிக் குழியில் விழுந்தால் 1டி6, முள் இருந்தால் கூடவே 2டி10, சராசரி பதினான்கைத் தாண்டும். முகத்தைத் தூக்கி வைத்ததில் நியாயம் இருக்கிறது! முள்ளை எடுத்துவிடுங்கள். காட்டில் ஹிட் பாயிண்டைவிட வலிப்பது நேரமும் பொருளும்தான்: தலைகீழாகத் தொங்கும்போது பையிலிருந்து ஆற்றில் விழும் சாப்பாடு, அறுந்த வில் நாண், கட்டிவைத்த மூங்கில் சலசலத்து எதிரிக்குப் போகும் தகவல். உங்கள் வலையை இப்படி மாற்றுங்கள்: அடி எதுவும் இல்லை, ஆனால் மூங்கில்கள் சலசலக்கின்றன, பத்து நிமிடத்தில் நான்கு கோப்ளின்கள் வருவார்கள். அறுத்துக்கொண்டு ஓடுவதா, மாட்டியது போலவே நடித்துக் காத்திருப்பதா?

யாரும் வைக்காத பொறிகளும் காட்டில் உண்டு. முசுறு எறும்புக் கூடு தொங்கும் கிளையை உரசிக்கொண்டு ஏறினால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்த யாரையும் கேளுங்கள். அலையாத்திக் காட்டில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். இவை கற்பனை உலகத்திலும் அப்படியே வேலை செய்யும், ஒரு பயணத்துக்கு ஒன்று போதும். மந்திரப் பொறி வைக்க ஆசைப்பட்டால் ஸ்பைக் க்ரோத் என்ற மந்திரம் நல்லது: இருபதடி ஆரம், அதற்குள் ஐந்தடி நகர்ந்தால் 2டி4. ஆனால் அது பத்து நிமிடம்தான் நிற்கும், போட்டவர் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும். ஆகவே அந்த முள் தரையைப் பார்த்ததும் பக்கத்து மரத்தில் ஒரு ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

கடைசியாக உங்கள் ரோக். கொடியும் கழியுமாகக் கட்டிய பொறிக்குத் திருட்டுக் கருவிப் பெட்டி எதற்கு என்று வாதாடாதீர்கள், சோதனையை அனுமதியுங்கள். டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) 13 போதும். ஐந்துக்கு மேல் தவறினால் மட்டும் பொறி விழட்டும். ஐந்துக்கு மேல் மிஞ்சினால், கழற்றிய பொறியைத் திரும்பக் கட்டவும் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லுங்கள். அரை மணி நேரமும் ரேஞ்சரின் உதவியும் இருந்தால் அதே கண்ணியை அவர் துறையின் மறுகரையில் வைக்கலாம். மீட்ட ஆளோடு இவர்கள் திரும்பி வரும்போது, துரத்தி வரும் கோப்ளின்களுக்கு அந்த இடத்தில் நீங்கள் பெர்செப்ஷன் உருட்டுங்கள், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி.