கூடத்து ரப்பர் செடியும் பால்கனி வெயிலும்

கேள்வி: கூடத்து மூலையில் இரண்டு ஆண்டுகளாகச் செழிப்பாக இருந்த ரப்பர் செடியை, வீடு மாறியபின் மேற்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன். நான்கே நாள்களில் மேலிலைகள் வெளிறி, பிறகு பழுப்பாகக் காய்ந்துவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதால் இரு வேளையும் ஊற்றுகிறேன், பயனில்லை. மறுபடியும் மூலையிலேயே வைத்துவிடவா? கருகிய இலைகளை வெட்டிவிடவா?
– வாசகி, சென்னை

பதில்: இரு வேளை தண்ணீரை இன்றே நிறுத்திவிடுங்கள், வேர் அழுகினால் செடியை மீட்பது கடினம். தண்ணீர் போதாத செடியின் இலைகள் துவண்டு தொங்கும். உங்கள் செடியிலோ வெயிலைப் பார்த்த பரப்பு மட்டும் வெளிறி மொரமொரப்பாகியிருக்கும். ஓர் இலையின் நிழல் இன்னோர் இலைமேல் விழுந்த இடம் பச்சையாகவே நிற்கிறதா என்று பாருங்கள், காரணம் வெயில்தான் என்பது புரிந்துவிடும்.

இத்தனைக்கும் ரப்பர் செடி வெயிலுக்கு அஞ்சும் இனமன்று. மேகாலயத்தில் காசி பழங்குடி மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே வளர்த்தெடுக்கும் உயிருள்ள வேர்ப்பாலங்கள் இதே மரத்தின் வேர்களால் ஆனவை. வெயில் தாங்காதது செடியன்று, கூடத்தில் விரிந்த அந்த இலைகள். ஒளியை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், அறை மூலையில் கிடைக்கும் ஒளி சில நூறு லக்ஸுக்கு மேல் போவது அரிது. நண்பகல் வெயிலோ ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். குறைந்த ஒளியை முழுவதும் பிடித்துக்கொள்வதற்கென்றே மெல்லியதாக அமைந்த இலையின்மீது அவ்வளவு வெயிலும் ஒரே நாளில் விழும்போது, அதன் பச்சையம் சிதைந்துபோகிறது. முதிர்ந்த இலை தன் தடிமனை மாற்றிக்கொள்ளாது என்பதால், பால்கனிக்கு உண்மையில் பழகப்போவது இனி வரும் இலைகளே.

ஆகவே மூலைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். முதல் பத்து நாள் பால்கனிக் கதவுக்கு உள்பக்கம், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பிறகு வெளியே சுவரோரமாக, மாலை ஐந்து மணிக்குமேல் மட்டும் வெயில் எட்டும் இடத்தில் வைத்து, வாரத்துக்கு ஓரடிக்கு மேல் போகாமல் முன்னே நகர்த்துங்கள். கம்பியில், வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டுவது நல்லது. கிடைக்காவிட்டால் மெல்லிய வெள்ளை வேட்டி போதும். சித்திரை, வைகாசியில் அதை அவிழ்க்கவே வேண்டாம், மேற்கு வெயில் அவ்வளவு கொடியது. தரைச்சூடு தொட்டிக்கு ஏறாதபடி இரண்டு செங்கல்மேல் வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

பாதிக்குமேல் கருகிய இலைகளை மட்டும் வெட்டலாம். மற்றவற்றில் மிஞ்சிய பச்சை இன்னும் செடிக்கு உணவு தயாரிக்கிறது. வெட்டும்போது வடியும் பால் தோலில் அரிப்பு தரும், கையுறை அணியுங்கள். உரமும் தொட்டி மாற்றுவதும் இப்போது வேண்டாம்.

கிளை நுனியில் செந்நிற உறைக்குள் சுருண்டிருக்கும் குருத்தைக் கவனித்து வாருங்கள். அது விரிந்து, தொட்டால் பழைய இலையைவிடத் தடிப்பாகத் தெரிந்தால் அடுத்த அடி நகர்த்தலாம். அதிலும் வெளிறிய திட்டு விழுந்தால் ஓரடி பின்னே இழுத்து, அடுத்த குருத்துக்குக் காத்திருங்கள்.