எல்லைச் சுவரும் நீல மாத்திரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவில் 2014-ல் காணாமல்போன அயோட்சினாபா கல்லூரி மாணவர்கள் 43 பேரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மனம் கனத்துவிட்டது. ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. கட்டுரை முழுக்க அங்கே செத்தவர்களைப் பற்றியே இருந்தது. இங்கே சாகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் டெக்ஸாஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பையன் இறந்தான். கல்லூரியில் முதல் வருடம். முதுகு வலிக்கு என்று போனில் ஒரு ஆப் மூலம் யாரிடமோ மாத்திரை வாங்கியிருக்கிறான். அதில் ஃபென்டனில் என்ற கொடிய செயற்கைப் போதை மருந்து இருந்தது. ஒரே மாத்திரைதான். காலையில் எழுப்பப் போன அம்மாதான் பார்த்தார். என் மகனும் அவனும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள்.

முன்பு நான் டெமாக்ரட் அனுதாபி. இப்போது இல்லை. எல்லையைத் திறந்து போட்டார்கள், லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள், விஷமும் கூடவே வந்தது. நாங்கள் முறைப்படி வந்து கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காக வரிசையில் நிற்கிறோம். அவர்கள் ஆற்றைத் தாண்டி நடந்து வந்துவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய ராணுவத்தை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டு ரவுடிக் கும்பலை ஏன் குண்டு போட்டு ஒழிக்கக் கூடாது? இதைக் கேட்டால் இனவாதி என்கிறார்கள். நீங்களாவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

எஸ்., டல்லாஸ்

*

அன்புள்ள எஸ்.,

அந்தத் தாய்க்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் தராது. ஆனால் நீங்கள் கேட்பது யார் குற்றம் என்று. அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022-ல் மட்டும் போதை மருந்து அளவு மீறி அமெரிக்காவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 8 ஆயிரம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஃபென்டனில் வகையால் இறந்தவர்கள். வியட்நாம் போர் முழுவதிலும் அமெரிக்கா இழந்த வீரர்களே சுமார் 58 ஆயிரம் பேர்தான். இப்படி ஒரு சாவை அடுத்த வீட்டில் பார்த்தவரின் கோபத்துக்கு இனவாதம் என்று பெயர் வைப்பது கொடுமை. உங்களை அப்படிச் சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லை விஷயத்திலும் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் தெற்கு எல்லையைத் தாண்டி வந்து பிடிபட்டவர்கள் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேர். அதுவரை காணாத எண்ணிக்கை அது. பைடன் அரசு நெடுநாள் அதை நெருக்கடி என்று ஒப்புக்கொள்ளவே தயங்கியது. 2024 ஜூனில்தான் புகலிடம் கேட்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். முன்பே செய்திருக்கலாம். இந்தக் குழப்பத்தில் கொழுத்ததும் கார்ட்டெல்கள் என்ற மெக்சிகோவின் போதைக் கடத்தல் கும்பல்கள்தான். ரியோ கிராண்டே ஆற்றின் தென்கரையில் அவர்களுக்குக் கப்பம் கட்டாமல் யாரும் இறங்க முடியாது. கட்ட முடியாதவர்களைக் கடத்தி வைத்து ஊரில் உள்ள சொந்தக்காரர்களிடம் பணம் கறப்பார்கள். 2010 ஆகஸ்டில் தமௌலிபாஸ் மாநிலத்தின் சான் ஃபெர்னாண்டோவில் 72 பேரைச் சுட்டுக் கொன்று போட்டது ஸெட்டாஸ் கும்பல். செத்தவர்கள் எல்லோரும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ஏழைகள். எல்லை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். அந்த ஏழைகளை நினைத்தும்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பையன் விழுங்கிய மாத்திரை ஆற்றைத் தாண்டி வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அது வரும் வழியைப் பாருங்கள். மூலப்பொருள் பெரும்பாலும் சீனாவிலிருந்து மான்சானியோ போன்ற மெக்சிகோவின் பசிபிக் துறைமுகங்களுக்கு வருகிறது. (நம்மூர்ப் பங்கும் உண்டு. சூரத்தைச் சேர்ந்த இரண்டு கெமிக்கல் கம்பெனிகள் மீது 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது.) சினலோவா மாநிலத்தின் குலியாகான் நகரைச் சுற்றியுள்ள ரகசியக் கூடங்களில் அதைச் சமைத்து, அசல் வலிநிவாரணி போலவே எம்-30 என்று முத்திரை பதித்து நீல மாத்திரையாக்குகிறார்கள். இரண்டு மில்லிகிராம் ஃபென்டனில் ஒரு ஆளைக் கொல்லப் போதும். பத்தாயிரம் மாத்திரை சேர்ந்தால் எடை சுமார் ஒரு கிலோதான். அதைக் காரின் கதவுக்குள்ளோ டாஷ்போர்டுக்கு அடியிலோ ஒளித்து, சான் இசித்ரோ, நோகாலெஸ் போன்ற சட்டப்படியான வாயில்கள் வழியாகவே கொண்டு வருகிறார்கள். தினமும் பல்லாயிரம் வண்டிகள் கடக்கும் இடங்கள் அவை.

ஓட்டி வருவது யார்? ஃபென்டனில் கடத்தி அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள். தண்டனை ஆணையமே வெளியிடும் கணக்கு இது. பிடிபட்ட ஃபென்டனிலில் பெரும்பகுதியும் வாயில்களிலும் சாலைச் சோதனைச் சாவடிகளிலும் சிக்கியதுதான். பிடிபட்டதை வைத்து மட்டும் எப்படிச் சொல்ல முடியும், பாலைவனம் வழியாகப் பிடிபடாமல் வருவது எவ்வளவோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடத்துகிறவன் நிலையில் இருந்து யோசியுங்கள். அந்த நாட்களில் ஆற்றைக் கடந்தவர்களில் ஏராளமானோர் காவலர்களைத் தேடிப்போய்ச் சரணடைந்து புகலிடம் கேட்டவர்கள். உடனே உடல் சோதனைக்கு ஆளாகப் போகிற ஒருவன் கையில் லட்சக்கணக்கான டாலர் சரக்கை யார் கொடுப்பார்கள்? அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவனைச் சுங்க அதிகாரி ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

இன்னொன்றைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. போதை மரணங்கள் 2023-ன் நடுவில் உச்சம் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தன. 2024-ல் சுமார் 80 ஆயிரமாகக் குறைந்தன. அந்த இறக்கம் தொடங்கிய அதே மாதங்களில்தான் எல்லை தாண்டி வந்தவர்களின் எண்ணிக்கை உச்சத்துக்கு ஏறியது. ஆட்களோடுதான் விஷமும் வருகிறது என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா ஏறியிருக்க வேண்டும்? போதை அளவு மீறியவரைப் பிழைக்கவைக்கும் நலாக்சோன் மருந்து பரவலானது, சிகிச்சை கூடியது, சரக்கின் வீரியம் மாறியது என்று மரணம் குறைந்ததற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் நடக்கிறது.

அப்புறம், வாயில்களில் சாலை தெற்கு நோக்கியும் ஓடுகிறது. மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி விற்கும் கடைகள் இரண்டே இரண்டு. இரண்டையும் ராணுவமே நடத்துகிறது. உங்கள் டெக்ஸாஸில் உரிமம் பெற்ற விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குற்றப் பின்னணி இல்லாத ஒருவரைக் கடைக்கு அனுப்பி, அவர் பெயரில் வாங்கி, காரில் போட்டுத் தெற்கே கொண்டுபோகிறார்கள். 2014 முதல் 2018 வரை மெக்சிகோவில் கைப்பற்றி, எங்கிருந்து வந்தவை என்று தேடிப் பார்க்கப்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 70 சதவீதம் அமெரிக்காவிலிருந்து போனவை. சொன்னது அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு. 2019 அக்டோபரில் சினலோவா கார்ட்டெல் தலைவன் எல் சாப்போவின் மகன் ஓவிடியோவைக் குலியாகானில் ராணுவம் பிடித்தபோது, கனரகத் துப்பாக்கிகளோடு கார்ட்டெல் ஆட்கள் ஊரையே முற்றுகையிட்டார்கள். சில மணி நேரத்தில் அரசாங்கம் அவரை விட்டுவிட்டது. துப்பாக்கிக் கம்பெனிகள் மீது மெக்சிகோ அரசு போட்ட வழக்கை 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கம்பெனிகளுக்குக் கொடுத்த சட்டப் பாதுகாப்புதான் காரணம்.

சரி, குண்டு போடும் விஷயத்துக்கு வருகிறேன். 2006 டிசம்பரில் ஜனாதிபதி கால்டெரோன் ராணுவத்தை இறக்கியதிலிருந்து மெக்சிகோ செய்துகொண்டிருப்பது அதைத்தான். அமெரிக்கப் பணமும் ஹெலிகாப்டரும் பயிற்சியும் அதற்குப் போயின. தலைவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஒரு தலைவன் விழுந்தால் அடுத்த இடத்துக்கு நாலு பேர் அடித்துக்கொள்வார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 ஆயிரமாக இருந்த கொலைகள் 2018 வாக்கில் 30 ஆயிரத்தைத் தாண்டின. காணாமல்போனவர்களின் பதிவேடு 2022-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதில் என் கட்டுரையின் 43 மாணவர்களும் அடக்கம். 2024 ஜூலையில் சினலோவா கார்ட்டெலின் மூத்த தலைவர் எல் மாயோ சம்பாடா எல் பாசோ அருகே அமெரிக்கர்களிடம் சிக்கினார். பெரிய வெற்றிதான். ஆனால் செப்டம்பரில் சினலோவா கார்ட்டெல் இரண்டாக உடைந்து குலியாகான் தெருக்களில் சண்டை மூண்டது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் செத்திருக்கிறார்கள்.

ராணுவமும் போலீசும் அரசும் யார் பக்கம் என்பதே அங்கே கேள்வி. கால்டெரோன் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் கெனாரோ கார்சியா லூனா சினலோவா கார்ட்டெலிடமே லஞ்சம் வாங்கியவர் என்று 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 38 வருடங்களுக்கு மேல் சிறை. பின்னால் வந்த ஜனாதிபதி லோபஸ் ஒப்ரதோர் மெக்சிகோவில் ஃபென்டனில் தயாராவதே இல்லை என்று 2023-ல் சொன்னார். அது உண்மையில்லை. மெக்சிகோ அரசுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வாஷிங்டனை நினைத்துத்தான். அங்கே பிரச்சினையைத் தீர்க்க முயல்கிறவர் சொந்தக் கட்சியிடமே அடி வாங்குகிறார். 2024 பிப்ரவரியில் ஓக்லஹோமாவின் ரிபப்ளிகன் செனட்டர் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டு, டெமாக்ரட் கிறிஸ் மர்ஃபி, சுயேச்சை கிர்ஸ்டன் சினிமா மூவரும் பல மாதங்கள் உட்கார்ந்து ஒரு எல்லைச் சட்டத்தை எழுதினார்கள். புகலிட விதிகள் இறுகும், காவலர்கள் கூடுவார்கள், வாயில்களில் வண்டிகளை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர்கள் வரும். நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி அதில் இருந்தது. தேர்தல் வருடத்தில் இது நிறைவேறக் கூடாது என்று டிரம்ப் எதிர்த்தார். பழியை என் மேல் போடுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். செனட்டில் 60 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 49 கிடைத்தது. டெமாக்ரட்டுகளிலும் சிலர் எதிர்த்தார்கள். மசோதா வாக்கெடுப்புக்கு வருவதற்கு முன்பே லாங்க்ஃபோர்டின் மாநிலத்தில் அவர் கட்சிக்காரர்களில் ஒரு பகுதியினர் அவர் மேல் கண்டனத் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

உங்கள் மாநிலத்திலேயே ஒன்று நடந்தது. உவால்டே பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, 2022-ல் டெக்ஸாஸ் ரிபப்ளிகன் செனட்டர் ஜான் கார்னின் டெமாக்ரட்டுகளோடு பேசி ஒரு சட்டம் கொண்டுவந்தார். அடுத்தவருக்காகத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பதும் துப்பாக்கி கடத்துவதும் மத்திய அரசின் தனிக் குற்றங்களானது அந்தச் சட்டத்தால்தான். அதாவது கார்ட்டெலுக்குப் போகும் ஆயுதத்தைத் தடுக்கிற சட்டம். சட்டம் நிறைவேறுவதற்குச் சில நாட்களுக்கு முன் டெக்ஸாஸ் ரிபப்ளிகன் மாநாட்டில் அவர் பேசப் பேசக் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள்.

டெமாக்ரட்டுகளும் இதே பாதையில் போனவர்கள்தான். 2006-ல் எல்லை வேலிச் சட்டத்துக்கு ஒபாமா, ஹிலரி, பைடன் எல்லோரும் செனட்டில் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். டிரம்ப் சுவர் என்றதும் அது ஒழுக்கக்கேடு என்றார் டெமாக்ரட் தலைவர் நான்சி பெலோசி. நல்லதா கெட்டதா என்று பார்ப்பதை விட்டு, யார் சொன்னது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டிரம்ப் திரும்பி வந்தபின் எல்லை தாண்டுவோர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. உண்மை. கார்ட்டெல்களைப் பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்தார், 2025 செப்டம்பரில் கரீபியன் கடலில் படகுகளைத் தகர்க்கத் தொடங்கினார்கள். ஆனால் ஃபென்டனில் வரும் வழி அது இல்லை. அதே வருடம் டிசம்பரில், அமெரிக்காவுக்குள் கொகைன் கடத்த உதவியதற்காக 45 வருட தண்டனை பெற்றிருந்த ஹோண்டுராஸின் முன்னாள் ஜனாதிபதி ஹுவான் ஒர்லாண்டோ எர்னாண்டெஸுக்கு டிரம்ப்பே மன்னிப்பு வழங்கினார். இது போதைக்கு எதிரான போர் என்று நம்பும் உங்களைப் போன்றவர்கள் இதைக் கேள்வி கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிரீன் கார்டு வரிசை அநியாயம். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால் வருவது அது. ஆற்றைக் கடந்தவர் யாரும் உங்கள் இடத்தைப் பிடிக்கவில்லை, அவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை. அந்த உச்சவரம்பைத் தளர்த்த 2019-ல் கீழவையில் 365 ஓட்டுகளோடு நிறைவேறிய திருத்தம் கடைசியில் சட்டமாகாமலே போனது. சட்டவிரோதமாக வந்தவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2023 செப்டம்பரோடு முடிந்த நிதியாண்டில் அமெரிக்க எல்லைகளில் சிக்கிய இந்தியர்கள் சுமார் 97 ஆயிரம் பேர். 2017-ல் சான் இசித்ரோ அருகே எல்லைக்கு 25 கஜ தூரத்தில் பிடிபட்ட ஒரு ஈழத் தமிழரின் புகலிட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-ல் தோற்றது.

உங்கள் மகனுக்காக இரண்டு காரியங்கள். நலாக்சோன் மூக்கு ஸ்பிரே 2023-லிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. வீட்டில் ஒன்று இருக்கட்டும், எப்படிப் பயன்படுத்துவது என்று அவனுக்கும் தெரியட்டும். அடுத்தது, மாத்திரையில் ஃபென்டனில் இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டை. டெக்ஸாஸ் சட்டம் அதைப் போதைக் கருவியாக வைத்திருந்தது. ஆளுநர் அப்பட்டே அதை அனுமதிக்கலாம் என்று சொன்னபிறகும், 2023-ல் மாநிலக் கீழவை நிறைவேற்றிய மசோதா மேலவையில் முடங்கிப்போனது. இப்போது அது என்ன நிலையில் இருக்கிறது என்று உங்கள் தொகுதி மாநில செனட்டரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்